உச்சி பன்னிரண்டுக்கு வரவில்லை

என் வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் ஒரு கம்பின் நிழலை அளந்து எழுதும் நிழல் நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அழிரப்பரை எச்சில் தொட்டுத் தேய்த்ததில் தாள் நைந்து விழுந்த ஓட்டை. அதற்குப் பக்கத்தில் பென்சிலில் 12.15 என்று எழுதியிருக்கிறது. அழிபட்ட எண் 12.27. ஓட்டைக்குக் காரணம் அதை எழுதிய பிள்ளை இல்லை, நான்தான். கம்பு நட்ட கதையோடு அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், கடலோரம். வடக்கே நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல். வரைபடத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று இருப்பதை இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. தொடக்கப் பள்ளியில் நாலும் அஞ்சும் ஒரே அறையில், என் பொறுப்பில், மொத்தம் 23 பேர். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்து, மறு வருடம் நாலு, அஞ்சுக்கும் நீண்டது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வைத்திருக்கிறோம். மலர்ப் பிள்ளைகள் பயிற்சி நூலைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "அடுத்து என்ன டீச்சர்?" என்று வந்து நிற்பார்கள். என் கையில் இருந்ததெல்லாம் அதே மாதிரி இன்னொரு பக்கக் கணக்குதான். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை மாதிரி அதைக் கொடுத்துக் கொடுத்து எனக்கே அலுத்துப்போனது. பொங்கல் லீவு முடிந்து வந்ததும் நிழலை எடுத்தேன்.

முதலில் கொடிக்கம்பத்தின் நிழலையே அளக்கப் பார்த்தோம். செலவில்லை, கம்பமும் தயாராக நிற்கிறது. ஆறு மீட்டர் உயரம். நிழல் எங்கே முடிகிறது என்று நாலு பேரைச் சாக்பீஸ் வைக்கச் சொன்னால் நாலு இடத்தில் வைத்தார்கள், ஐந்தாறு சென்டிமீட்டர் வித்தியாசம். சூரியன் ஒரு புள்ளியாக இருந்தால் ஓரம் கத்தி மாதிரி விழும். அது அரை டிகிரி அகலத்தில் ஒரு தட்டாகத் தெரிகிறது, அதனால் ஓரம் மங்கித்தான் முடியும். பொருள் உயர உயர மங்கலும் கூடும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு மீட்டர் கம்பு போதும் என்று முடிவுசெய்தோம். சரியாக 100 செ.மீ. வைத்தால் இன்னொரு வசதி: நிழல் 52 செ.மீ. என்றால் கம்பு உயரத்தில் நூற்றுக்கு 52. சதவீதம் சும்மாவே வந்துவிடும்.

அரை இஞ்ச் பி.வி.சி. பைப்பை மணலில் நட்டோம். மூன்றாம் நாள் வெயிலில் வில்லாக வளைந்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, யார் வீட்டிலோ மோட்டார் மாற்றியபோது மிஞ்சிய ஜி.ஐ. பைப்புத் துண்டைக் கேட்டு வாங்கினேன். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் ரெட் ஆக்சைடு ஒரு கோட். காலி பெயின்ட் வாளியில் ஜல்லி, மணல், சிமெண்ட் கலந்து கொட்டி, பைப்பை நடுவில் நிறுத்தி, வாளியை வாய்மட்டம் வரை மணலில் புதைத்தோம். வாளி இல்லாமல் எங்கள் மணலில் எதை நட்டாலும் ஆடு வந்து ஒரு உரசு உரசினால் சாய்ந்துவிடும்.

நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தேடிப் போகவே இல்லை. சிமெண்ட் கொட்டும் அன்று காலையிலேயே மேசை மேல் பதினோரு ஈயக்குண்டு இருந்தது, எல்லாம் வலையிலிருந்து கழற்றியது. அதில் எத்தனை வீட்டில் கேட்டு எடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை. தங்கூசி என்கிற நைலான் நூலில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் வாடைக்காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கிவந்து, குண்டு தண்ணீருக்குள் முங்குகிற மாதிரி வைத்தான். ஆட்டம் நின்றுவிட்டது. "யாருடா சொன்னா?" என்றால், "யாரும் சொல்லல டீச்சர், தண்ணிக்குள்ள எல்லாம் மெதுவாத்தான ஆடும்" என்றான். கிழக்கே நின்று ஒரு தடவை, தெற்கே நின்று ஒரு தடவை, நூலும் பைப்பும் ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்த்தோம். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மறுபக்கச் சாய்வு தெரியாது. சிமெண்ட் இறுகுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

தரைதான் ரொம்ப நேரம் தின்றது. மேடைக்கு முன்னால் உள்ள சிமெண்ட் தளம் சமமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்தில் போய் நிற்கிறது. மழைத்தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருக்கிறார், அது அவர் வேலைக்குச் சரி. ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய மரக் கரும்பலகையை எடுத்துவந்து, ஓரத்தில் பைப் நுழைய ஒரு வாய் வெட்டி, நாலு செங்கல் மேல் படுக்கவைத்து, ஓட்டுச் சில்லு சொருகி மட்டம் பிடித்தோம். கரும்பலகையில் சாக்பீஸால் குறிக்கலாம், துடைக்கலாம், சாயங்காலம் நாலு பேர் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். இதை நான் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். பலகை மேல் ஏறி உட்கார்ந்து விளையாடிய பிள்ளைகளை விரட்டப் போனபோது வந்த யோசனை அது.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மணி சொல்ல ஒருத்தி, முனை குறிக்க ஒருவன், நாடா பிடிக்க இரண்டு பேர், நோட்டில் எழுத ஒருத்தி. முனை குறிப்பவன் என் பட்டியலில் அரும்பு. வாசிக்கத் திணறுவான். ஆனால் கிழிந்த வலையை வீட்டோடு சேர்ந்து உட்கார்ந்து தைக்கிற பிள்ளை, மங்கல் எங்கே முடிகிறது என்று அவன் வைக்கிற புள்ளி நாள் தவறாமல் ஒரே மாதிரி இருந்தது. ஒரு மலர்ப் பையன் போட்டிக்கு வந்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அவனே பாக்கட்டும் டீச்சர்" என்று விலகிக்கொண்டான். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, பலகையை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பதைத் தினமும் சொன்னேன், தினமும் யாராவது ஒருவர் அண்ணாந்தார்.

இனி என் தவறு.

நம் கடிகார மணி மிர்சாபூர் வழியாகப் போகும் 82 டிகிரி 30 கலை தீர்க்கரேகைக்கு வைத்தது (60 கலை ஒரு டிகிரி). நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டேன். ஒரு பையன் அப்பாவின் போட்டில் இருக்கும் ஜி.பி.எஸ்.ஸில் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தான்: 9 17, 79 06. கடலில் எல்லைக்கோடு எங்கே என்று பார்க்க அந்தப் பெட்டி இல்லாமல் யாரும் போவதில்லை, ஆகவே அந்த எண்கள் பிள்ளைகளுக்குப் புதிதில்லை, அவற்றை வைத்துக் கணக்குப் போட்டதுதான் புதிது. பூமி 360 டிகிரி சுற்ற 1440 நிமிடம், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். மிர்சாபூருக்கும் நமக்கும் 3 டிகிரி 24 கலை. அப்படியானால் 13.6 நிமிடம். நமக்கு உச்சி, அதாவது நிழல் மிகக் குட்டையாகும் நேரம், 12 மணிக்கு வராது, 12.14க்குத்தான் வரும். கணக்கு அழகாக வந்த சந்தோஷத்தில் 12.14 என்று போர்டில் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். அளப்பதற்கு முன்பே விடையை எழுதிவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்தார்கள். 12.24, 12.27, 12.30 மூன்றுக்கும் ஒரே நீளம், 48.6. அதற்கு முன்னும் பின்னும் கூடுதல். உச்சிக்குப் பக்கத்தில் நிழல் நீளம் மாறுவதே தெரியாது, அதனால் மூன்றில் நடுவிலுள்ளதை எடுத்து, நோட்டுக்காரி 12.27 என்று எழுதியிருந்தாள். நான் சொல்லிக்கொடுக்காத யோசனை அது. அதைப் பாராட்டவும் தோன்றவில்லை எனக்கு. "சரியாப் பாத்தியா? கடிகாரம் சரியா இருக்கா?" என்றுதான் கேட்டேன். கடிகாரம் சரியாக இருந்தது. தூக்குக்குண்டை மறுபடி தொங்கவிட்டேன், பைப் நேராக இருந்தது. மறுநாளும் 12.27. "இன்னொரு தடவை கவனமாப் பாருங்க" என்றேன். மூன்றாம் நாள் நோட்டில் 12.15. மூன்று நிமிடக் கணக்கில் 12.14க்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். "சபாஷ்" என்றேன்.

அந்த ஓட்டை என் கண்ணில் பட்டது. பட்டும் சபாஷ் என்றேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் வானிலை பார்த்தேன். மழை உண்டா என்று பார்க்கத்தான் திறந்தேன், கீழே சூரிய உதயம் 6.35, மறைவு மாலை 6.20 என்று இருந்தது. இரண்டுக்கும் நடு என்ன என்று மனசு தானாகப் போட்டது. மாலை 6.20 என்பது 18.20. கூட்டினால் 24.55, பாதி 12.27. பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன்.

மறுநாள் அந்த இரண்டு மணியையும் போர்டில் எழுதி நடு மணி கேட்டேன். ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். நோட்டுக்காரி தலை நிமிரவில்லை. "தாயி, நீ முதல்ல எழுதுனதுதான் சரி. டீச்சர் போட்ட கணக்குதான் பத்தல" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப அன்னிக்கு எனக்கு எதுக்கு சபாஷ் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

இருபது வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை, டீச்சர் முகத்தில் என்ன விடை எழுதியிருக்கிறது என்று வாசிக்கக் கற்றுவிடுகிறது. அதைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

விட்டுப்போன 14 நிமிடம் எங்கே என்பதை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை எல்லா நாளும் சரியாக 24 மணி நேரமாக இருப்பதில்லை. சில நாள் சில நொடி கூட, சில நாள் குறைவு. அது சேர்ந்து சேர்ந்து பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்திவிடும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்திவிடும். ஏப்ரல் நடுவில் இரண்டும் ஒத்துப்போகும். 13.6 கூட்டல் 14, பிப்ரவரிக்கு 12.27 அப்படித்தான் வருகிறது. பிள்ளைகளிடம் இதைப் பாதிதான் சொன்னேன். சூரியன் சில மாசம் லேட்டா வரும், சில மாசம் வெரசா வந்துரும் என்றதும், "எங்க பஸ்ஸு மாதிரி" என்று ஒரு குரல் வந்தது.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், வேறு வழியில் சரிபார்க்கலாம் என்று வட்டம் போட்டோம். கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்ற கம்பை நட்டுத் திசை பார்க்கும் அதே முறை. பைப்பிலிருந்து 70 செ.மீ. கயிறு பிடித்துப் பலகையில் வட்டம். காலையில் நிழல் முனை வட்டத்தைத் தொட்டபோது மணி 10.50. மதியம் நீண்டு மறுபடி தொட்டது 2.04க்கு. இடையில் 3 மணி 14 நிமிடம், பாதி 1 மணி 37 நிமிடம், 10.50ஓடு கூட்டினால் 12.27. நிழல் நீளம் வேகமாக மாறும் நேரத்தில் பார்ப்பதால் இதில் நிமிடம்கூடப் பிசகாது. உச்சி பார்க்க விரும்புகிறவர்கள் உச்சியில் போய் நிற்காமல் இந்த வழியில் பார்க்கலாம். தொட்ட இரண்டு புள்ளியையும் இணைத்த கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் கோடு போட்டதும், "வடகடல்ல போய் முட்டுது டீச்சர்" என்றார்கள்.

அன்றிலிருந்து நிழல் நோட்டுக்குப் பேனாதான். அழிரப்பர் கிடையாது. தப்பு என்று தோன்றினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், அடித்தது வாசிக்கத் தெரிய வேண்டும்.

இதற்கு எதிர்ப்பு வந்தது சத்துணவுக் கூடத்திலிருந்து. சாப்பாட்டு மணி 12.30. எங்கள் உச்சி 12.27. அஞ்சாம் வகுப்பு கடைசியாகத் தட்டோடு வந்து நிற்பதைப் பார்த்துச் சமையல் அக்கா, "முட்டை ஆறிப்போவுது டீச்சர், சூரியன் எங்கிட்டும் போயிறாது" என்றார். மார்ச்சில் உச்சி 12.21க்கு வந்ததும் அந்தச் சண்டை தானாகத் தீர்ந்தது.

ஜனவரி 29இல் 51.8 இருந்த நிழல், பிப்ரவரி 19இல் 37.2, மார்ச் 20இல் 16.5. தினமும் கால் மணி நேரம்தான், மீதி நேரம் வழக்கமான பாடம். கட்டம்போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தார்கள். கோட்டை அப்படியே நீட்டினால் எப்போது தரையைத் தொடும் என்று நான் கேட்பதற்கு முன்பே ஒருவன் ஸ்கேல் வைத்து நீட்டியிருந்தான். ஏப்ரல் நடு.

மார்ச் கடைசியில் ஒரு தகராறு. இரண்டு குழு அளந்ததில் ஒன்று 9.8 என்றது, மற்றது 9.10 என்றது. எது பெரிது? 9.10தான் பெரிது, எட்டைவிடப் பத்து பெரிது என்று நின்றான் அந்தப் பையன். ஸ்கேலை வாங்கிப் பார்த்தேன். 10 என்ற எண் தேய்ந்துபோயிருந்தது. ஒன்பதிலிருந்து சின்னக் கோடுகளை எண்ணிப் பத்தாவது கோட்டில் நிறுத்தி 9.10 என்று எழுதியிருக்கிறான். அவன் அளந்த நிழல் பத்து சென்டிமீட்டர், ஆகவே அவன் சொன்னபடி அது பெரிதுதான். எழுதிய எண்தான் சின்னது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அவனுக்குச் சொல்ல முடியாமல், ஒரு மில்லிமீட்டர் துண்டுகள் பத்தைத் தாளில் வெட்டிக்கொடுத்து ஒன்பதுக்குப் பக்கத்தில் அடுக்கச் சொன்னேன். ஒன்பதை அடுக்கினான், பத்தாவதை வைத்ததும், "ஐயோ, இது பத்து" என்றான். புள்ளி வைத்த எண்ணைப் போர்டில் இரண்டு வாரம் நடத்தியிருக்கிறேன். இப்படிப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நிழல் சின்னதாகச் சின்னதாக மங்கல்தான் தொல்லையானது. 4 செ.மீ. நிழலில் 1 செ.மீ. மங்கல் இருந்தால் எதை அளப்பது? எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, பைப் முனையிலிருந்து பலகைக்கு மேலாக நீட்டிக் கட்டி, அதில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டோம். ஓட்டைக்கு நேர்கீழே ஈயக்குண்டைத் தொங்கவிட்டுப் பலகையில் ஒரு கூட்டல் குறி. அதுதான் பூஜ்யம். தகட்டு நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்ச வட்டம் விழும், அதன் மையத்துக்கும் கூட்டல் குறிக்கும் உள்ள தூரத்தை அளந்தால் மில்லிமீட்டர் வரை சொல்லலாம். முதல் ஓட்டை 6 மி.மீ., வட்டம் 15 மி.மீ. விழுந்தது. பெரிதாக இருக்கிறது என்று வேறு தகட்டில் 2 மி.மீ. போட்டோம், வட்டம் 11 ஆனது. சதுர ஓட்டை போட்டாலும் வட்டமாகவே விழுமா என்று ஒருத்தி கேட்டாள். போட்டுப் பார்த்தோம், சின்ன ஓட்டையென்றால் ஏறக்குறைய வட்டம்தான், விழுவது சூரியனின் படம் என்பதால். அப்போது முனை குறிப்பவன், அதே அரும்பு, விரலை மடக்கிக்கொண்டே சொன்னான்: "ஓட்டை நாலு குறைஞ்சா வட்டமும் நாலு குறையுது. அப்ப ஓட்டையே இல்லைன்னா ஒம்போது." ஒரு மீட்டருக்கு ஒன்பது மில்லிமீட்டர். ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தால் 111. சூரியனின் விட்டத்தைப் போல 107 மடங்கு தூரத்தில் சூரியன் இருக்கிறது என்பது உண்மைக் கணக்கு. எண்ணெய் டின்னுக்கு இது அதிகம்தான்.

ஏப்ரல் 14 லீவு. சித்திரை ஒன்று, அம்பேத்கர் பிறந்தநாளும்கூட. உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும் நிழலில்லா நாள் அன்றுதான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், ஆகவே லீவிலும் பள்ளியைத் திறந்தோம். தலைமையாசிரியர் இதுவரை "முழுப்பரிட்சைக்கு இதுல இருந்து வருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அன்று வீட்டிலிருந்து தாமே பானகம் கொண்டுவந்தார். மறுநாள் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்குகிறது, அப்பாக்களும் கரையில் இருந்தார்கள். ஆளுக்கொரு பாட்டில், டம்ளர், பவுடர் டப்பா கொண்டுவந்து வெயிலில் நிறுத்திவைத்தார்கள். 12.10 தாண்டியதும் ஒவ்வொன்றின் நிழலும் அதனதன் அடிக்குள் போய் ஒளிந்தது. ஒரு பாட்டி தன் காலடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கிட்டுப் போச்சு?" என்றார். 12.14. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு மாதம் முன்பு போர்டில் வட்டம் போட்ட அதே எண், இப்போதுதான் நேரம் பார்த்து வந்திருந்தது.

பலகைப் பக்கம் நோட்டுக்காரி மட்டும் குனிந்தபடியே இருந்தாள். வெளிச்ச வட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள்.

"பூஜ்யம்தானே தாயி? எழுது" என்றேன்.

"இல்ல டீச்சர். நாலு மில்லி இருக்கு. தென்கடல் பக்கம்."

நானும் குனிந்து பார்த்தேன். வட்டம் கூட்டல் குறியைத் தாண்டித் தெற்கே நகர்ந்திருந்தது. பூஜ்யம் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில், எங்கள் ஊருக்கு உச்சியே இல்லாத ஏதோ ஒரு நேரத்தில், கடந்து போயிருக்கிறது. பின்னால் நின்ற பையன், "எல்லாரும் கைதட்டியாச்சு, பூஜ்யம்னே போடேன்" என்றான்.

"நீ போய்ப் பானகம் குடி" என்று சொல்லிவிட்டு, பேனாவால் 0.4 தெ. என்று எழுதினாள்.